ஓலினாவிடம் கேட்டு வாங்கிய ஓட்டு

ஹால்பெரா இறந்தபோது, சவப்பெட்டியின் மேல், தோளில் அணியும் சங்கத்துப் பட்டையைப் போடுவதா வேண்டாமா என்று எங்கள் ஊர் மதுவிலக்குச் சங்கத்தில் ஒரு மாலை முழுக்கச் சண்டை நடந்தது. போடலாம் என்றவர்கள், அந்தச் சங்கத்தின் வாசலில் இருபது வருடம் காவல் நின்றவள் அவள் என்றார்கள். கூடாது என்றவர்கள், அந்தச் சங்கத்தின் கூரையைப் பிடுங்கியவளும் அவள்தான் என்றார்கள். கடைசியில் போடவில்லை. பெட்டி வெறும் பலகையாகவே கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று.

பெற்ற பிள்ளைக்காக மதுவிலக்கை விற்றவள் என்று ஸ்கார்வாவிக்கில் இன்றைக்கும் அவளைப் பற்றிச் சொல்வார்கள். ஒரு மனுஷியை ஒற்றை வரியில் மடித்துப் பெட்டிக்குள் வைப்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் சமர்த்தர்கள். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சங்கம் போனதற்காக அவள் ஒரு நாளும் அழுததில்லை. அவள் அழுதது ஓலினாவுக்காக. அந்தக் கதை சங்கத்தாருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வதுமில்லை.

ஹால்பெராவின் தகப்பன் ஒரு குடிகாரப் படகோட்டி. அவர் படகின் அடியில் சுருண்டு கிடக்க, பன்னிரண்டு வயதுப் பெண் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்ததை ஊரே பார்த்திருக்கிறது. அதே வயதில் மீன்முற்றத்துக்கு வேலைக்கும் வந்துவிட்டாள். உப்புக்கண்ட மீனைப் பனி உருகின தண்ணீரில் போட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, வெயில் கண்ட நாளில் கல்தரையில் பரப்பி, மழை தூறினால் ஓடி அடுக்கி மூடுகிற வேலை. விரல் மரத்துப்போகும், முதுகு வளையும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அதுதான் பிழைப்பு. அவள் மட்டும் எதற்கும் முனகமாட்டாள். கல்யாணத்துக்கு முன்பே சங்கத்தில் சேர்ந்து, சாகும்வரை தொடமாட்டேன் என்று கை உயர்த்திச் சத்தியம் செய்தாள். பிற்பாடு சங்கத்தின் உள்வாசல் காவல் அவளுக்கு வந்தது. கூட்டம் நடக்கும்போது அடையாளச்சொல் சொல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. அதைக் கேட்டு விடுவது அவள் பொறுப்பு.

ஒருமுறை பாதிரியாரே சொல்லை மறந்துபோய்ப் பனிமழையில் நின்றார்.

"என்னத் தெரியலையா ஹால்பெரா? உனக்கு ஞானஸ்நானம் குடுத்ததே நான்தானம்மா!"

"உங்களத் தெரியாமலா ஐயா? நல்லாவே தெரியுது. சொல்லத்தான் இன்னும் காணோம்."

பாதிரியார் பனியில் நனைந்தபடியே வீட்டுக்குப் போய், மனைவியிடம் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார். இதைச் சொல்லிச் சொல்லி ஊர் பல வருடம் சிரித்தது. ஹால்பெரா சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது அவளுக்குப் புரியவே இல்லை.

அவள் புருஷன் தோர்பெர்க் நல்லவன். குடிக்காதவன். குடிக்காதவனையும் கடல் விடுவதில்லை. ஒரு பிப்ரவரியில் படகோடு போனவன் வரவில்லை. மகன் ஸ்டெய்னாருக்கு அப்போது எட்டு வயது. ஹால்பெரா அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். சோறு தண்ணீர் இல்லை, பேச்சில்லை. பக்கத்து வீட்டு ஓலினாதான் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போனாள். ஓலினா மீன்முற்றத்தில் அவளுக்கு எதிர்த் தொட்டிக்காரி. பிள்ளை இல்லாதவள். பையனுக்குக் கையுறை பின்னிப் போட்டதும், எழுத்துக் கற்றுக்கொடுத்ததும், அம்மை கண்டபோது மடியில் கிடத்திக்கொண்டதும் அவள்தான். வசந்தம் வந்து ஹால்பெரா எழுந்தபோது பையனைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் அதற்குப் பிறகும் அவளை ஓலினாம்மா என்றுதான் கூப்பிட்டான்.

ஓலினாவின் புருஷன் ஃபாலுர். அவனைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். குடிக்காத ஃபாலுரைப் போலத் தங்கமான மனுஷன் எங்கள் ஊரில் இல்லை. குடித்த ஃபாலுர் வந்தால் ஓலினா போர்வையை எடுத்துக்கொண்டு ஆட்டுக்கொட்டிலுக்குப் போய்விடுவாள். நாட்டில் மதுவிலக்கு இருந்ததால் தங்கமான ஃபாலுர் அதிக நாளும், மற்றவன் கொஞ்ச நாளும் இருந்தார்கள். ஸ்பெயின்காரன் எங்கள் உப்புமீனை வாங்க வேண்டுமென்றால் அவன் ஒயினை நாங்கள் வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை போட்டு, ஒயினுக்கு மட்டும் சட்டத்தில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. ஆனால் அது நகரத்துக் கடையில்தான் கிடைக்கும். ஃபாலுருக்கு அது புளித்த தண்ணீர்.

பிறகு அந்தக் கஷ்ட காலம் வந்தது. மீனைக் கேட்பாரில்லை. கழுவிக் காயவைத்தது கிடங்கிலேயே மஞ்சளாகிப் போயிற்று. இளவட்டங்களுக்குப் படகில் இடம் கிடைக்கவில்லை. ஸ்டெய்னார் மலைமுனைக்குப் பின்னால் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பண்ணைக்குப் போய்வர ஆரம்பித்தான். இடிந்த சுவரை எடுத்துக் கட்டுகிறேன், கொஞ்சம் ஆடு வளர்க்கலாம் என்று அம்மாவிடம் சொன்னான்.

"என் பையன் சுவர் கட்டுறான்" என்று ஹால்பெரா மீன்முற்றத்தில் எல்லாரிடமும் சொன்னாள்.

"ஆமாமா, நல்ல உறுதியான சுவரு. ரெண்டு மடக்குலயே ஆள் சாஞ்சுடுறான்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு மீனைத் தேய்த்தார்கள். ஹால்பெராவுக்குப் புரியவில்லை. சாராயம் காய்ச்சியது அவன், குடித்தது ஊர், தெரியாதது அவள் ஒருத்திக்கு மட்டும். ஓலினாவுக்கும் தெரியும். அவள் எப்படிச் சொல்வாள்?

ஒரு மே மாதத்தில் ஊர்த்தலைவரும் நகரத்திலிருந்து வந்த அதிகாரிகளும் செப்புக் குழாயையும் பானையையும் சுமந்துகொண்டு மீன்முற்றத்து வழியாக வந்தார்கள். நடுவில் ஸ்டெய்னார். தூரிகைகள் எல்லாம் நின்றன.

"அம்மா, சத்தியமாச் சொல்றேன், நான் ஒரு சொட்டு வாய்ல வச்சதில்ல."

அது உண்மைதான். அவன் குடித்ததில்லை. ஹால்பெரா தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்ப யாரு வாய்லடா வச்ச?"

அதற்குமேல் அவள் அவனைப் பார்க்கவில்லை. படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். முன்பே ஒருமுறை வேறு ஊரில் எச்சரித்து விட்டிருக்கிறார்களாம், அதனால் தண்டனை கடுமை என்றார்கள். தெற்கே சமவெளியில் இருந்த சிறைப்பண்ணைக்கு அனுப்பினார்கள்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும் என்று முதலில் திடமாகத்தான் இருந்தாள். சங்கத்தில் அவளைப் பாராட்டிப் பேசினார்கள். ஆனால் பாராட்டு வீட்டுக்குள் துணைக்கு வருமா? அவன் கோப்பை அலமாரியில் இருந்தது. அவன் சாய்ந்து சாய்ந்து மழுங்கின கதவுநிலை இருந்தது. கடைசியாகப் பேசின பேச்சு அந்த ஒரு கேள்வியாகப் போயிற்றே என்பது அவளைக் குடைந்தது. ஆகஸ்டில் தெற்கிலிருந்து வந்த ஒரு மாலுமி, உங்க பையனைப் பார்த்தேன், வாய்க்கால் வெட்டுறான், இருமல்தான் ஒரேயடியாக இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவள் காதில் இருமல் சத்தம் நிற்கவில்லை. எங்கள் நாட்டில் அந்தக் காலத்தில் இருமல் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். பெற்ற மனம் பித்து என்பது சும்மாவா?

மதுவிலக்கை எடுத்துவிடலாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தப் போகிறார்கள் என்ற செய்தி அந்தச் சமயத்தில்தான் வந்தது. ஃபாலுர் மீன்வண்டியைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தபோது பெண்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஹால்பெரா, ஒனக்கென்னம்மா கவல! மதுவிலக்கு போச்சுன்னா மறுநாளே ஒம் பையன் வீட்டுல இருப்பான்."

"என்ன உளர்றீங்க?"

"உளறலா? நானே சொட்டு இல்லாமக் கெடக்கேன், எங்கருந்து உளர்றது? இல்லாத சட்டத்துக்கு எவனாச்சும் உள்ள உக்காந்திருப்பானா? சட்டம் போனாக் கதவு திறந்துதானே ஆகணும்?"

ஃபாலுர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு அது ஒரு வாய்ப்பேச்சு. ஹால்பெராவுக்கு அது வேதவாக்கு ஆயிற்று. காய்ச்சுவது, கொண்டுவருவது, விற்பது எல்லாம் எங்கள் ஊர் ஜனங்களுக்கு ஒரே மதுவிலக்குத்தான். அது ஒரு சுவர், ஒரு கல்லை உருவினால் மொத்தமும் சரியும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

செப்டம்பர் கடைசியில் சங்கத்தின் தலைவர் பால்மியின் வீட்டுக்குப் பட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். பால்மி பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனுஷர், கொஞ்சம் நீளமாகப் பேசுவார்.

"சகோதரி, ஓட்டு ரகசியம். நீங்க எதுல போட்டாலும் எவனும் கேக்கப் போறதில்ல. பட்டைய எதுக்குக் கழட்டணும்?"

"ஓட்டுல ஒண்ணு, சங்கத்து வாசல்ல நின்னு ஒண்ணு, அது எனக்கு ஆகாது சகோதரரே."

"பையனுக்காகத்தானே? ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்த ஓட்டு வெளிநாட்டுச் சாராயம் வரலாமா வேண்டாமாங்கிறதுக்குத்தான். வீட்டுல காய்ச்சுறது அப்பவும் குத்தமாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?"

பால்மி நேர்மையானவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நெனைக்கிறேன்" என்றார்.

அந்த நேர்மைதான் கெடுத்தது. ஹால்பெரா பட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஓட்டுப் போய்விடக் கூடாதே என்று அவர் கட்சிக்கு அவர் பேசுகிறார் என்று முடிவு கட்டினாள். ஆயுள் முழுக்கக் குடிகாரன் பேச்சை நம்பாதவள், அந்த ஒரு தடவை ஃபாலுரை நம்பி பால்மியை நம்பாமல் போனாள். நமக்கு வேண்டியதைச் சொல்கிற வாய் எதுவானாலும் இனிக்கத்தான் செய்கிறது.

அதன் பிறகு வீடு வீடாகப் போனாள். வாசலில் நின்று மற்றவர்களைக் கேள்வி கேட்டவள், இப்போது மற்றவர்கள் வாசலில் நின்று கேட்டாள். சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் காபி கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். சில விதவைகள், நீயே இப்படிச் சொன்னால் சரி ஹால்பெரா என்றார்கள். ஓலினாவின் வீட்டுக்கு மட்டும் கடைசிவரை போகவில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போது நடையை எட்டிப் போட்டாள்.

ஏனென்றால் அந்தக் கோடையில் ஓலினாவைப் பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்ததை அவளும் பார்த்திருந்தாள். ஸ்டெய்னாரைக் கொண்டுபோனதிலிருந்து ஊரில் சரக்கு இல்லை. ஃபாலுர் முதல் சில வாரம் நடுங்கிக் கிடந்தான், பிறகு தெளிந்தான். வீட்டுக்கு வெள்ளையடித்தான். ஜன்னலுக்குச் சிவப்புச் சட்டம் போட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனும் பெண்டாட்டியும் காட்டுப்பழம் பறிக்க மலைச்சரிவில் போவதை ஊரே வாய் பிளந்து பார்த்தது. அந்த வயதில் ஓலினாவுக்குக் கன்னத்தில் ஒரு நிறம் வந்திருந்தது. மீன் கழுவும்போது பாடினாள். பாட்டு நன்றாகவே இல்லை, ஆனால் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓலினாவே வந்து நின்றாள்.

"ஊரு முழுக்கப் போன. என் வீட்டுக்கு மட்டும் வழி மறந்துபோச்சா?"

"உன்கிட்ட எப்படிக் கேப்பேன்?"

"கேளு பாப்போம்."

ஹால்பெரா அடுப்பில் காபி வைத்தாள். இருவரும் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பையன் வந்தாகணும் ஓலினா. இன்னொரு குளிர்காலம் அங்க இருந்தா தாங்கமாட்டான். உன் ஓட்டும் வேணும்."

ஓலினா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? அவன் காய்ச்சினானே, அதத்தான் என் புருஷன் குடிச்சான். மூணு வருசம். நான் வளத்த பையன் காய்ச்சினதக் குடிச்சுட்டு வந்துதான் என்னய வெளிய தள்ளுனான். உன்கிட்ட வந்து சொல்லலாம்னு எத்தனையோ நாள் இந்த வாசல்வரைக்கும் வந்திருக்கேன். வாய் வரல. அவனப் பிடிச்சுட்டுப் போன அன்னைக்கு நான் அழுதேன். அன்னைக்கு ராத்திரி கதவைத் தாப்பாள் போடாமத் தூங்கினேன். ரெண்டும் நான்தான்."

ஹால்பெராவுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இத்தனை வருடம் எதிர்த் தொட்டியில் நின்றவளின் கழுத்திலும் கையிலும் கண்ட கன்றல்களுக்கு, வழுக்கி விழுந்தேன் என்று அவள் சொன்ன காரணங்களையெல்லாம் நம்பியிருந்தாள். தலை நிமிர முடியவில்லை.

"அப்ப வேணாம் ஓலினா. நான் கேக்கவே இல்லன்னு வச்சுக்கோ."

"கேட்டுட்டியே."

"வேணாங்கிறேன்ல."

"பால்மி வாத்தியார் என்னமோ சொன்னாராமே? சட்டம் போனாலும் அவன விடமாட்டாங்கன்னு?"

இந்த இடத்தில் ஹால்பெரா தயங்கியிருக்கலாம். தயங்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

"அவரு அவரு கட்சிக்குப் பேசுறாரு. கதவு திறந்துதான் ஆகணும்."

ஓலினா எழுந்தாள். சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"அம்மை கண்டப்ப ஒம்பது நாள் மடியில வச்சிருந்தேன் அவன. அந்தச் சூடு இன்னும் இந்தத் தொடையில இருக்கு" என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

குளிர்காலத்தின் முதல் நாளில் வாக்கெடுப்பு நடந்தது. ஊரில் இருக்கிற ஒரே பெரிய கூடம் சங்கத்துடையது என்பதால் அங்கேதான் பெட்டி வைத்தார்கள். சுவரில் சங்கத்தின் கொடி, அதன் கீழே சங்கத்தை முடிக்கிற ஓட்டு. பால்மி தன் கையாலேயே அடுப்பு மூட்டி, வந்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். ஓலினா ஃபாலுரோடு கை கோத்துக்கொண்டு வந்தாள். அவன் சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தான். அவள் திரைக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றாள். வெளியே வந்து ஹால்பெராவைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினாள். ஹால்பெராவுக்கு அப்போது சந்தோஷம்தான். அதை அவள் மறைக்கவில்லை.

மதுவிலக்கு தோற்றது. எங்கள் ஊரிலும் தோற்றது, நாட்டிலும் தோற்றது. நல்ல வித்தியாசத்தில்தான் தோற்றது. ஓலினாவின் ஒரு ஓட்டு இல்லாவிட்டாலும் தோற்றிருக்கும். அதைச் சொல்லி என்ன பயன்? போட்டவளுக்கு அது வெறும் ஒரு ஓட்டு அல்லவே.

முடிவு தெரிந்த வாரமே ஹால்பெரா தபால் படகில் ஏறி நகரத்துக்குப் போனாள். மகனுக்குப் புதிதாகப் பின்னிய கம்பளிச் சட்டையையும் எடுத்துப் போனாள், வழியில் குளிருமே என்று. மாவட்ட நீதிபதி மரியாதையானவர். உட்காரவைத்துக் காபி கொடுக்கச் சொன்னார்.

"பையன எப்ப விடுவீங்கன்னு கேட்டுப் போலாம்னு வந்தேன்."

"தண்டனை முடியிறப்ப விடுவோம்மா."

"சட்டம்தான் போச்சே?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட செய்தி சொல்கிறவர்கள் ஏன் கண்ணாடியைக் கழற்றுகிறார்களோ.

"இன்னும் போகல. ஜனங்க விருப்பத்தக் கேட்டிருக்காங்க, அவ்வளவுதான். இனிமே சட்டசபை கூடணும், பேசணும், எழுதணும். வருசமாகும். அப்படிப் போனாலும் வெளியிலருந்து வாங்கி அரசாங்கம் விக்கும், அதுக்குத்தான் இந்த ஓட்டு. வீட்டுல காய்ச்சுறது அப்பவும் குத்தம்தான். சொல்லப்போனா அரசாங்கமே கடை போட்டப்புறம் இன்னும் பெரிய குத்தமாயிடும். யாரு உங்களுக்கு இப்படிச் சொன்னது?"

ஹால்பெரா கோப்பையைக் கையில் எடுத்தாள். காபியைக் குடித்து முடித்தாள். கொடுத்ததை மிச்சம் வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கம்பளிச் சட்டையை அவர் மேசைமேல் வைத்து, அனுப்பிவைக்க முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

படகுத்துறையில் ஓலினா காத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க? எப்ப வர்றான்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். எதிரே, சிவப்புச் சட்டம் போட்ட ஜன்னலுக்குப் பின்னால் ஃபாலுர் விளக்கேற்றிக்கொண்டிருந்தான்.

"வருவான்" என்றாள் ஹால்பெரா.

அவன் வந்தான். அதுதான் விதியின் குசும்பு. வசந்தத்தில் சிறைப்பண்ணை வைத்தியர் அவன் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, இவனை மற்றவர்களோடு வைத்திருக்கக் கூடாது, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். தண்டனை பாதியில் நிற்க, பாதி உடம்போடு படகிலிருந்து இறங்கினான். ஹால்பெரா அவன் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மே மாதம் கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்டாள். அவன், "எதும்மா?" என்றான். அவனுக்கு நினைவே இல்லை.

ஓலினா ஓடிவந்தாள். எண்ணெயில் பொரித்த முடிச்சு ரொட்டியைக் கூடை நிறையச் சுமந்து வந்தாள்.

"பாத்தியா! கதவு திறந்துச்சா இல்லையா? வாத்தியாரு என்னமோ நெனச்சாராம், நெனச்சாரு! டேய், ஒனக்காக நான் எதுல ஓட்டுப் போட்டேன் தெரியுமா? சாகறவரைக்கும் எனக்கு நீ காபிக்கொட்டை அரைச்சுக் குடுக்கணும்."

"அரைக்கிறேன் ஓலினாம்மா" என்றான் அவன், இருமலுக்கு நடுவே சிரித்து. அவனுக்கு எந்தச் சேதியும் தெரியாது. ஹால்பெரா ரொட்டியைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். அந்தச் சந்தோஷத்தில் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். நாளைக்கு என்று தள்ளுகிற காரியத்துக்குக் கால் முளைப்பதில்லை.

அடுத்த குளிர்காலத்தின் பிற்பகுதியில் சட்டம் உண்மையிலேயே போயிற்று. நகரத்தில் அரசாங்கக் கடை திறந்தது. படகில் போகிறவர்களிடம் ஆளுக்கு ஆள் புட்டிக்குச் சொல்லிவிட்டார்கள். ஃபாலுர் முதல் தடவை ஒரு புட்டி வாங்கிவந்து, பாரம்மா, முத்திரை குத்தின சரக்கு, கள்ளச் சரக்கு இல்லை, மரியாதையாக ஒரு கோப்பை குடித்துவிட்டு மூடிவைக்கிறேன் என்று பெண்டாட்டியிடம் சொன்னானாம். அவன் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தான். ஒரு வாரத்தில் ஓலினா போர்வையோடு ஆட்டுக்கொட்டிலுக்குப் போனாள். மீன்முற்றத்தில் பாட்டு நின்றது. ஹால்பெரா எதிர்த் தொட்டியில் நின்று பார்த்தாள். அவள் கழுத்தருகே கன்றலைப் பார்த்தாள். இந்தத் தடவை ஓலினா வழுக்கி விழுந்தேன் என்று கூடச் சொல்லவில்லை.

ஏப்ரலில் ஒரு பட்டப்பகலில், தண்ணீர் வடிந்திருந்த நேரத்தில், ஃபாலுர் படகுத்துறை விளிம்பிலிருந்து கீழே கற்பாறையில் விழுந்தான். புட்டி உடையாமல் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. தலைதான் உடைந்தது.

அவனைக் குளிப்பாட்ட ஹால்பெரா போனாள். பாதிரியார் வந்து வீட்டிலிருந்து வழியனுப்பும் ஜெபம் சொல்வதற்கு முன்னால் எல்லாம் முடிய வேண்டும். இரண்டு பெண்களும் இரண்டு பக்கம் நின்று, எத்தனையோ வருடம் ஒரே முற்றத்தில் வேலை செய்த பழக்கத்தில், கையை மாற்றி மாற்றித் துடைத்தார்கள். வெள்ளையடித்த சுவர் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. வெளியே கொட்டகையில் ஸ்டெய்னார் சவப்பெட்டிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தான். இழைப்புளிச் சத்தம், பிறகு இருமல், பிறகு இழைப்புளிச் சத்தம்.

ஓலினா தலையைச் சாய்த்து அதைக் கேட்டாள்.

"ஒண்ணுதான் ஹால்பெரா நெனச்சுக்கிறேன். நானேதான் இவரு கையில புட்டியக் குடுத்தேன், அது எனக்குத் தெரியும். ஆனா பையன் வந்தான்ல. அந்த ஓட்டப் போடலேன்னா அவன் அந்தச் சேத்துலயே செத்திருப்பான். ஒண்ணக் குடுத்து ஒண்ண வாங்கினேன். அத நெனச்சாத்தான் காலுல எந்திரிச்சு நிக்க முடியுது."

ஹால்பெராவின் கை நின்றது. இதை அவள் விட்டிருக்கலாம். ஆனால் இறந்துபோனவனின் மேல் கை வைத்துக்கொண்டு, அவன் பெண்டாட்டி தன்னை நன்றியோடு பார்ப்பதை அவளால் தாங்க முடியவில்லை. இனி ஒரு நிமிடம் கூட இந்தப் பொய்யில் நிற்கக் கூடாது என்று நினைத்தாள். அது நல்ல எண்ணம்தான்.

"இல்ல ஓலினா. ஓட்டால இல்ல. நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு வைத்தியர் அனுப்பி வச்சாரு. ஓட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ போட்டாலும் வந்திருப்பான், போடலேன்னாலும் வந்திருப்பான். பால்மி சொன்னதுதான் சரி. என்னய மன்னிச்சுடு."

ஓலினா துணியைத் தண்ணீரில் நனைத்தாள். பிழிந்தாள். ஃபாலுரின் காதுக்குப் பின்னால் மெதுவாகத் துடைத்தாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"நகரத்துக்குப் போய்ட்டு வந்த அன்னைக்கே."

"அப்படின்னா ஒன்றரை வருசமா வாய மூடிட்டிருந்திருக்க."

"ஆமா."

ஓலினா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் ஹால்பெரா தாங்கியிருப்பாள்.

"ஒன்றரை வருசம் மூடிட்டிருந்தவளுக்கு, நான் சாகறவரைக்கும் மூடிட்டிருக்க முடியலையா?"

வெளியே இழைப்புளி மறுபடி ஓட ஆரம்பித்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஃபாலுரைத் திருப்பி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுவிட்டார்கள்.